தனியாகச் சாப்பிட்ட பிள்ளை

டென்மார்க்கிலிருந்து ஒரு பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து பத்து மாதம் இருக்கப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அவள் திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து இறங்கிய நாள் வரைக்கும் நான் பட்ட பயத்தையெல்லாம் எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகிவிடும். மிளகாய் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? பல்லி மேலே விழுந்தால் என்ன செய்வாள்? கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டால் அவர்கள் அரசாங்கம் நம்மைச் சும்மா விடுமா?

"ஏளா, படையெடுத்தா வாராவ? ஒரு காலேஜ் பிள்ளை வருது, அவ்வளவுதான்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவர் பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். எதுவும் ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும் என்று நம்புகிறவர். எனக்கு எதுவும் எதற்குள்ளும் அடங்காது.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அதற்காக நான் அழுததாக ஞாபகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த டீச்சரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் செய்யாதவள் மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். அது இன்றைக்கும் போகவில்லை. அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், என் ஒரே மகள் பெண்கள் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆங்கில டீச்சர்தான் இந்த ஏற்பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

ஏற்பாடு இதுதான். நாட்டுக்கு நாடு மாணவர்களை மாற்றி அனுப்புகிற ஒரு சங்கம் இருந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பத்து மாதம் எங்கள் வீட்டில் இருந்து, என் மகளோடு கல்லூரிக்குப் போவாள். அடுத்த வருஷம் என் மகள் அவள் வீட்டுக்குப் போய்ப் பத்து மாதம் படிப்பாள். விமானச் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். இருக்க இடமும் சோறும் வீட்டுக்கு வீடு. ஒரே ஒரு நிபந்தனை. வந்த பிள்ளை வந்த வீட்டில் நன்றாக இருக்க வேண்டும். மாதா மாதம் ஒரு தாளில் அவள் எழுதிக் கொடுப்பாள். சரிப்படவில்லை என்றால் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது வெளிநாடு போகிற இடமும் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். சேரன்மகாதேவியில் ஒரு குடும்பம் எங்களுக்கு அடுத்தபடியாகக் காத்துக்கொண்டிருந்தது.

பெற்றோரைக் கூட்டி வைத்து டீச்சர் பேசினார். பிள்ளைகளுக்குப் பாஷை வரும், தைரியம் வரும், நாளைக்கு வேலை கிடைக்கும், இந்த ஊர்ச் சாமான் அந்த ஊருக்குப் போகும், அந்த ஊர் மனுஷர் இந்த ஊருக்கு வருவார்கள் என்றெல்லாம் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். என் மகள் என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அன்றைக்கே அவள் போய்விட்டவள் மாதிரி எனக்குத் தோன்றியது.

அவளுக்குப் போக வேண்டும். எனக்கு அவள் போகக் கூடாது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*

அந்தப் பிள்ளை ஆடி மாதத்தில் வந்தாள். அன்றைக்குச் சாரல் காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் நிலைவாசலில் குனிந்து நுழைந்து நிமிர்ந்தபோது அவள் தலை எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். முடி வைக்கோல் நிறம். புருவம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தரையில் கால் படாதவள் போல வீட்டுக்குள் நடந்தாள். கனவில் வருகிற ஆட்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் நடப்பார்கள். நாம் ஏதாவது கேட்பதற்குள் சுவருக்குள் போய்விடுவார்கள். இவள் போகவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, "வணக்கம்" என்றாள். விமானத்திலேயே மனப்பாடம் பண்ணியிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மரியாதையெல்லாம் செய்தேன். நாங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவளுக்காகக் கூடத்தில் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டோம். என் கல்யாணச் சீரில் வந்த வெள்ளி டம்ளரைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருநீறு போட்டுத் துலக்கி அவளுக்கென்று வைத்தேன். வேளா வேளைக்கு அவளுக்குத்தான் முதலில் இலை போடுவேன். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டு ஆட்களும் கூட உட்கார்ந்து மெல்லுவது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. வயசுப் பெண் சாப்பிடுகிறாள் என்று வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மகளையும் பிறகு சாப்பிடலாம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். நான் கரண்டியோடு பக்கத்தில் நிற்பேன்.

"எம்மா, இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்காத. அவளுக்குத் தொண்டையில எறங்குமா?"

"மொறைக்கலட்டி, பாக்கேன். எது தீந்திருக்குன்னு பாக்காண்டாமா?"

அந்தப் பிள்ளை முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை 'போதும்'. அதை யாரும் மதிக்கவில்லை. இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து மறைத்தாள். நான் விரல் இடுக்கு வழியாக ரசத்தை விட்டேன். சாப்பிட்ட இலையையோ டம்ளரையோ அவள் எடுக்க வந்தால் பிடுங்கிக்கொள்வேன். சமையலறை வாசலில் வந்து நின்றால், "போம்மா, போய் ஃபேனுக்கு அடியில உக்காரு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைப்பேன்.

தெருவுக்கு அவளால் உயிர் வந்தது. முக்கில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அண்ணாச்சிக்கு அதுவரை வெளிநாட்டு லைன் என்றால் வளைகுடாவிலிருந்து வருகிற அழைப்புதான். இவள் வாரம் ஒரு தடவை அவள் அம்மாவோடு பேசப் போனதும் பூத்துக்குள் ஒரு சின்ன ஃபேன் மாட்டினார். 'உலகம் முழுவதும் பேசலாம்' என்று பெயிண்டால் எழுதினார். எதிர்வீட்டுத் தையல்காரர் அவள் அளவுக்கு ஒரு சுடிதார் தைத்தார். அதைப் பார்த்து அவள் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி தைக்க வந்தார்கள். பாய் நெய்கிற பத்தமடைக்குக் கூட்டிப்போனபோது பாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்று வாங்கினாள். அதைப் படம் எடுத்து அவள் பழைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கேயிருந்து இன்னும் பாய் வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தப் பாய்க்காரர் வீட்டில் தபாலில் அனுப்ப எப்படிச் சுருட்டுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுவதும் சுருட்டிச் சுருட்டிப் பார்த்தார்களாம். டீச்சர் கூட்டத்தில் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனோம். ஆற்றில் தண்ணீர் தெளிந்து, இடுப்பளவுக்குப் பைய ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை சுடிதாரோடு இறங்கி மல்லாக்கப் படுத்தாள். தண்ணீர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டது. என் மகளும் அதே மாதிரி படுத்தாள். வைக்கோல் முடி ஒன்று, கறுத்த முடி ஒன்று, இரண்டும் பாசி மாதிரி விரிந்து மிதந்தன. நான் படியில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடித் திறந்தால் ஒன்றுதான் இருக்கும் என்று பயம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "யக்கா, ரெண்டும் ஒம் புள்ளையளா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள், "ஆமா, ஒண்ணு வெயில்ல காயப்போட்டது, ஒண்ணு நெழல்ல காயப்போட்டது" என்றாள். படித்துறையே சிரித்தது. நானும் சிரித்தேன், எண்ணுவதை விடாமல்.

*

புரட்டாசியில் ஒரு மத்தியானம் டீச்சர் வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லூரியில் இருந்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்தால் என்ன அர்த்தம்? மேஜையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்க் காப்பி போட்டேன். எதில் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. வீட்டிலேயே உசத்தியானது வெள்ளி டம்ளர். அதைக் கழுவி, அதில் ஊற்றி, கொண்டுவந்து வைத்தேன்.

டீச்சர் அதை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுதானா அந்த டம்ளர்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தப் பிள்ளை எழுதிக்கொடுத்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அவர் தமிழில் சொன்னார். இந்த வீட்டில் யாரும் கோபமாகப் பேசுவதில்லை. ஆனால் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். எனக்கு மட்டும் ஒரு டம்ளர் வைத்திருக்கிறார்கள், அதில் வேறு யாரும் குடிப்பதில்லை. சமையலறைக்குள் போனால் வெளியே கூட்டிவந்து விடுகிறார்கள். நான் தொட்ட பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிவிடுகிறார்கள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை.

எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

"டீச்சர், அதெல்லாம் மரியாதைக்கு. சத்தியமா மரியாதைக்குத்தான் செஞ்சேன். அது வெள்ளி டீச்சர்."

"எங்க அப்பா சின்ன வயசுல டீ குடிக்கப் போனா அவருக்குன்னு கடைக்கு வெளியில ஒரு டம்ளர் இருக்கும்மா. அவரே எடுத்து, குடிச்சு, கழுவி வைக்கணும்." டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "வெள்ளியா இருந்தா என்ன, அலுமினியமா இருந்தா என்ன. தனின்னா தனிதான். அந்தப் பிள்ளைக்கு இதோட அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவரே தொடர்ந்தார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் பிள்ளையை இப்படி விட்டுவைக்க முடியாது, திங்கட்கிழமை சேரன்மகாதேவி வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். உங்கள் மகளுக்குத்தான் வருத்தமாக இருக்கும், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

அந்த நிமிஷத்தில் என் மனசுக்குள் என்ன நடந்தது என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பெரிய கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இனி என் மகள் போக மாட்டாள். பனியில் விழ மாட்டாள், விமானத்தில் ஏற மாட்டாள், தெரியாத வீட்டில் காய்ச்சலில் கிடக்க மாட்டாள். நான் தடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தால் போதும்.

சும்மாதான் இருந்தேன். தெருவில் கோலப்பொடிக்காரன் கூவிக்கொண்டு போனான். கூடத்துச் சுவரில் மகள் ஒட்டி வைத்திருந்த உலகப் படம் காற்றில் அடித்துக்கொண்டது. பார்வை தன்னால் அங்கே போனது. திருநெல்வேலி இருக்கிற இடத்திலிருந்து டென்மார்க் வரைக்கும் அவள் ஒரு கோடு போட்டிருந்தாள். பேனாவில் அல்ல, பென்சிலில். பட்டும் படாமல், கிட்டப்போனால்தான் தெரிகிற மாதிரி. எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம். குளிர் எப்படி இருக்கும் என்று பழகுவதற்காக அவள் சோடாக்கடையில் ஐஸ்கட்டி வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கை சிவந்து மரத்துப்போகிற வரைக்கும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். இந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா எந்த நேரத்திலும் அழித்துவிடுவாள் என்று தெரிந்தே அவள் போட்ட கோடு அது.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

சொன்னேன். பாதிதான் மரியாதை டீச்சர், பாதி பயம் என்றேன். நாங்கள் எல்லாரும் செம்பைத் தூக்கி, வாயில் படாமல் ஊற்றிக் குடிப்போம். ஒரு செம்புத் தண்ணீர் வீடு முழுவதற்கும் போதும். அந்தப் பிள்ளைக்கு அது வரவில்லை, வாய் வைத்துத்தான் குடிக்கிறாள். எச்சில். அதோடு அவள் ஊரில் மாட்டுக்கறி தின்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். இது சைவ வீடு. மற்றப் பாத்திரத்தோடு கலக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளி டம்ளர் வைத்தால் எனக்கும் நிம்மதி, அவளுக்கும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நீங்கள் சொன்ன பிறகு எது மரியாதை, எது பயம் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் தனியாகச் சாப்பிட வைத்தது மட்டும் பயத்தில் இல்லை டீச்சர். அது வழக்கம்.

டீச்சர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

"நீங்க யாரோட சாப்பிடுவிய?"

"நானா? எல்லாரும் சாப்பிட்டப்புறம்."

"யாரோட?"

"யாரும் இல்ல. அடுப்படியில."

"கல்யாணம் ஆனதிலேருந்தா?"

"ஆமா, டீச்சர்."

"அப்போ இந்த வீட்டுல தனியாச் சாப்பிடுதது ரெண்டு பேரு" என்றார்.

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "மாத்தாதிய டீச்சர்" என்றேன். "எம் மவளுக்காவத்தான் கேக்கேன். அவ போவணும்." அவள் போக வேண்டும் என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியவில்லை.

ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார் டீச்சர். ஆறிப்போன காப்பியை எடுத்து வாய் வைத்துக் குடித்தார். வேண்டுமென்றே அப்படிக் குடித்தாரா, எப்போதும் அப்படித்தானா என்று தெரியாது. கேட்கிற தைரியம் இல்லை.

*

சாயங்காலம் பிள்ளைகள் வந்ததும் மகளை மொழிபெயர்க்கச் சொல்லி அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எச்சில் சமாச்சாரத்தையும் சொன்னேன். மகளுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, "அத வேற சொல்லணுமா?" என்று பல்லைக் கடித்தாள். சொல்லட்டி என்றேன். அந்தப் பிள்ளை கவனமாகக் கேட்டாள். காது நுனி சிவந்தது. பிறகு வெகுநேரம் பேசினாள். மகள் அதை ஒரே வரியில் முடித்தாள்:

"உங்கூடச் சாப்பிடுதாளாம்."

"நான் மூணு மணிக்குல்லா சாப்பிடுவேன்?"

"அதுவரைக்கும் இருக்காளாம்."

இருந்தாள். சனி, ஞாயிறுகளில் வீட்டுக்காரரும் மகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படித் தரையில் நீளக் காலை எப்படி மடக்குவது என்று தெரியாமல் ஒட்டகம் மாதிரி மடக்கி உட்காருவாள். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அது வழியாக வெயில் ஒரு துண்டு தரையில் விழும். நாங்கள் சாப்பிட ஆரம்பிக்கும்போது அது அம்மிக்குப் பக்கத்தில் இருக்கும். முடிக்கும்போது அரிசிப்பானைக்குப் போயிருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் பேசுவோம். அவளுக்குத் தெரிந்த தமிழ், எனக்குத் தெரியாத ஆங்கிலம், மிச்சத்துக்குக் கை. பேச்சு முடிந்துபோனால் அப்படியே இருப்போம். தூரத்தில் எங்கேயோ அரவை மில் ஓடும். அந்த வெயில் துண்டுக்குள் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மெல்ல மறந்து இருந்திருக்கிறோம். அந்த மத்தியானங்கள் எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அவள் அம்மாவைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. அப்பா இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். "எங்க அம்மா பயம்" என்றாள். "தினம் பயம். பாம்பு பயம், பஸ் பயம், தண்ணி பயம்." ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "உங்க மாதிரி."

நான் ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். உலகத்தின் மேல் மூலையில், பனிக்குள்ளே, ஒருத்தி என் மகள் வயசுப் பிள்ளையை என்னிடம் அனுப்பிவிட்டு விரல் மடக்கிக்கொண்டிருக்கிறாள். வாரா வாரம் அண்ணாச்சி பூத்துக்கு மறுமுனையில் இருந்தது அவள்தான். இது எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை?

வெள்ளி டம்ளர் பெட்டிக்குள் போனது. அந்தப் பிள்ளை கைக்கு வந்த டம்ளரில் குடித்தாள், கழுவிக் கவிழ்த்தாள். முதல் ஒரு வாரம் அவள் கூடத்துக்குப் போன பிறகு நான் அதை இன்னொரு தடவை கழுவினேன். மறைக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்புறம் மறந்துபோனேன். அடுத்த மாதத் தாளில் அவள் என்ன எழுதினாள் என்று டீச்சர் சொல்லவில்லை. மகளிடம், "உங்க அம்மாவுக்கு நல்லாக் கதை சொல்ல வருமாமே" என்று மட்டும் கேட்டாராம்.

*

சித்திரையில் அந்தப் பிள்ளை ஊருக்குப் போனாள். ஆடியில் என் மகளுக்குத் தாள்கள் வந்தன. அப்பா ஒரு கையெழுத்து, அம்மா ஒரு கையெழுத்து. வீட்டுக்காரர் ஆபீஸ் பேனாவால் சரசரவென்று போட்டுவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன், துணியை எடுத்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு நாள் ஓட்டினேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி எழுத்தெழுத்தாக என் பேரைத் தமிழில் எழுதினேன். அந்தத் தாளில் தமிழில் இருந்தது அது ஒன்றுதான்.

ஜங்ஷனில் சென்னை வண்டி கிளம்பும்போது அவள் அழவில்லை. நானும் அழவில்லை. வண்டி போன பிறகு வீட்டுக்காரர்தான் கைக்குட்டையை எடுத்தார்.

முதல் கடிதம் வர இருபது நாள் ஆனது. போய் இறங்கிய அன்றைக்கே, சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பிள்ளையின் அம்மா இவள் கையில் ஒரு துணியைக் கொடுத்துப் பாத்திரம் துடைக்கச் சொன்னாளாம். 'விருந்தாளியாக வந்தவளிடம் முதல் நாளே வேலை வாங்குகிறார்கள். அறைக்குள் போய் அழுதேன்' என்று எழுதியிருந்தாள். வீட்டுக்காரருக்குச் சுர்ரென்று வந்தது. "நம்ம பிள்ளைய வேலைக்காரியாவா அனுப்பினோம்?" என்று குதித்தார். நான் வெளிநாட்டுக்கு எழுதுகிற ஏரோகிராம் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. இரண்டே வரி எழுதினேன். அவள் உன்னை மகளாக நினைத்துத்தான் துணியைக் கொடுத்தாள். துடை, நன்றாகத் துடை.

அந்த ஒரு வருஷம்தான் பின்னால் என் மகளுக்குச் சோறு போட்டது. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம், அங்கே எப்படி இருந்தாய் என்று கேட்டார்களாம். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? மார்கழி பிறந்தது. இரண்டு வாரமாக அவளிடமிருந்து கடிதம் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி பூத்துக்குப் போய் நம்பர் எழுதிய சீட்டை நீட்டினேன். மத்தியானம் பன்னிரண்டு இருக்கும்.

"யக்கா, இப்ப அங்கன காலைல ஏழரை. விடிஞ்சிருக்காது. எழுப்பலாமா?"

"எழுப்புங்க, அண்ணாச்சி."

"கிடைச்சிட்டு, பேசுங்க" என்று ரிசீவரைக் கொடுத்தார். எடுத்தது என் மகள் இல்லை. ஒரு பெண் குரல், கனமாக, தூக்கம் கலைந்த மாதிரி. நான் என் மகள் பேரைச் சொன்னேன். அந்தக் குரல் அதே பேரைத் திருப்பிச் சொன்னது, கடைசி எழுத்தை நீட்டி. பிறகு 'ஸ்கூல்' என்றது. பிறகு 'சைக்கிள்' மாதிரி ஒன்று. போய்விட்டாள், அவ்வளவுதான். இருட்டில், பனியில், சைக்கிளில்.

வைத்துவிடலாம். வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை. மூச்சு கேட்டது. பின்னால் எங்கேயோ குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு நின்றது. மீட்டரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. அண்ணாச்சி கண்ணாடிக்கு வெளியே நின்று என்ன என்று சைகையில் கேட்டார். நான் கையை அமர்த்தினேன்.

"சாப்பிட்டுப் போனாளா?" என்று தமிழில் கேட்டேன்.

அந்த அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் பாஷையில், நிறுத்தி நிறுத்தி, நீளமாக. நடுவில் ஒரு இடத்தில் என் மகள் பேர் வந்தது. ஒரு இடத்தில் சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது, எதையோ நினைத்துப் பயந்தவள் மாதிரி. ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் எங்கெங்கே நிறுத்தினாளோ அங்கெல்லாம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.